மரவைக்கு வந்த மரியாதை

எங்கள் வீட்டில் பாகம் பிரித்த அன்று வெள்ளியைத் தராசில் நிறுத்தார்கள். பித்தளையை எண்ணினார்கள். வெண்கலத்தை விரலால் சுண்டி ஓசை பார்த்தார்கள். மங்குத் தட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரிசல் தேடினார்கள். பட்டாசாலை மூலையில் மரவைகள் குவிந்து கிடந்தன. அவற்றை யாரும் எழுதவில்லை. கணக்கெழுதிய பெரியவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, "மரவை வேணுங்கறவுக எடுத்துக்கங்க, மிச்சத்த வேலைக்காரப் புள்ளைகளுக்குக் குடுத்துருங்க" என்றார். பங்காளிகளுக்குள் அன்று சண்டை வராத ஒரே சாமான் அதுதான்.

அயித்தை ஒருத்தர் கோலப்பொடி போட்டுவைக்க ஒன்று எடுத்துக்கொண்டார். எங்கள் அப்பச்சி கொஞ்சம் எடுத்தார். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பங்குக்கு வந்த மங்குக் கோப்பைகள் லாரியில் உடையாமல் வரவேண்டும். வைக்கோல் திணித்துக் கோப்பைகளை மரவைக்குள் அடைத்தார்கள். ஆக எங்கள் வீட்டுப் பர்மா மரவைகள் சென்னைக்கு வந்தது பார்சல் கட்டும் சாமானாக. கோப்பைகளில் பல பத்திரமாக வந்து, பிறகு வரிசையாக உடைந்தன. மரவைகள் இருக்கின்றன.

இப்போது அதே மரவைகளைப் பற்றி, "ஐயா கொண்டாந்த வெத்தல மரவை யார்ட்ட இருக்கு? உண்மையைச் சொல்லவும்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் அன்று அந்தக் குவியலைத் தாண்டிக்கொண்டு சாப்பிடப் போனவர்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு மரவை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பர்மாவிலிருந்து வந்த அரக்கு வேலைப்பாட்டுச் சாமான். மரத்தில் கடைந்ததும் உண்டு, ஆனால் நிறைய மரவைகளுக்கு உள்ளே இருப்பது மூங்கில். கறுப்பிலும் சிவப்பிலும் பளபளக்கும். தூக்கினால் கனமே இருக்காது. அந்தக் கனமின்மைதான் அதற்கு எதிரியாக வந்தது என்று நினைக்கிறேன். எடைக்கு எடை மதிப்புப் போட்ட வீடுகளில் எடையே இல்லாத ஒன்றை யார் மதிப்பார்கள்?

கீழ்ப்பர்மாவின் சதுப்பெல்லாம் நெல்வயலான 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செட்டியார்களான எங்களவர்கள் அங்கே கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போனார்கள். ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி, பெகு, பாசின், மோல்மேன் என்று கீழ்ப்பர்மா முழுக்கக் கடை. பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்துக் கப்பலேறி ஊர் திரும்புவார். திரும்பும்போது தேக்கு வரும், பட்டு வரும், பெட்டியில் கொஞ்சம் இடமிருந்தால் மரவையும் வரும். எங்கள் ஐயாவும் 1920களில் அப்படித்தான் கொண்டுவந்தார். அப்புறம் 1930களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்து, கீழ்ப்பர்மா நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி வயல் செட்டியார்கள் பேரில் இருந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1964இல் மிச்சமிருந்ததை நாட்டுடைமையாக்கிக் கையை விரித்து அனுப்பினார்கள். வயல் போச்சு, வட்டி போச்சு, கடை போச்சு. பேரேட்டில் எழுதிய அத்தனையும் போய், எதிலும் எழுதாத மரவை மட்டும் காரைக்குடிப் பக்கத்தில் தங்கிற்று.

அதைச் செய்கிற விதத்தைக் கேட்டால் நம் அலட்சியம் இன்னும் கொஞ்சம் உறுத்தும். பர்மியக் காடுகளில் ஒரு மரம், மா முந்திரி வகையறா. பட்டையைக் கீறினால் வடியும் பாலுக்கு அங்கே திட்சி என்று பெயர். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். பழகாதவர்கள் கையில் பட்டால் சேராங்கொட்டைப் பால் பட்ட மாதிரி தடித்துப் பொங்கும். சேராங்கொட்டையும் அதே வகையறாதான். மூங்கிலை மெல்லிய சிம்பாகச் சீவி, சுருட்டியோ முடைந்தோ பாத்திரம் கட்டுவார்கள். திட்சியில் சாம்பலைக் குழைத்துச் சாந்தாக்கிச் சந்துபொந்துகளை அடைப்பார்கள். பிறகு பூசுவது, உலர்த்துவது, தேய்ப்பது, மறுபடி பூசுவது. நல்ல சரக்கு கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்.

உலர்த்துவது என்றதும் நமக்கு மொட்டைமாடி ஞாபகம் வரும். திட்சி அப்படி உலராது. காற்றில் ஈரம் இருந்தால்தான், தன்னுள்ளிருக்கும் ஒரு நொதியைக் கொண்டு, ஆக்சிஜனை இழுத்து இறுகும். ஒருமுறை இறுகிவிட்டால் தண்ணீருக்கு அசையாது, லேசான புளிப்புக்கு அசையாது. இந்த வேலைக்குப் பேர்போன பகானோ, மழை குறைந்த, வெயில் கொளுத்தும் பூமி. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் தரைக்கடியில் நிலவறை கட்டி, குளிர்ச்சியும் ஈரமுமாக வைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் மரவைகளை நாள்கணக்கில் இருட்டில் அடைத்துவைக்கிறார்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு எழுத்தாணி போன்ற ஊசியால் கொடியும் பூவும் மனிதர்களும் கீறி, கீறலுக்குள் சாதிலிங்கச் சிவப்பை ஏற்றித் தேய்த்தெடுத்து, அடுத்த நிறத்துக்குத் திரும்பக் கீறுவார்கள். மஞ்சளுக்கு அரிதாரம். அரிதாரத்தோடு அவுரி சேர்ந்தால் பச்சை. கைதவறினால் அழித்துத் திருத்த வழியில்லாத வேலை.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை எங்கள் அப்பத்தா என்ன செய்தார் என்றால், வெற்றிலை போட்டு வைத்தார்.

அதற்கென்றே செய்ததுதான் அது. உயரமான உருளை, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள். மூடியை விட்டால் பொத்தென்று விழாது. உள்ளே அடைபட்ட காற்று ஓரத்தில் கசியக் கசிய மெதுவாக இறங்கி உட்காரும். அந்த இறக்கத்தை வேடிக்கை பார்ப்பதற்காகவே நாங்கள் திரும்பத் திரும்பத் திறந்து மூடுவோம். மேல்தட்டில் கொட்டைப்பாக்கு, கீழே ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை. சுண்ணாம்பு மட்டும் பித்தளைக் கரண்டகத்தில் தனியாக இருக்கும், மரவையில் படக்கூடாது. ஏன் என்று கேட்டால், "படக்கூடாதுன்னா படக்கூடாது" என்பார். காரம் அரக்கின் பரப்பை அரிக்கும் என்ற விளக்கம் என்னை வந்தடையப் பல வருஷம் ஆனது. அப்பத்தாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, பர்மாக்காரிகளும் சுண்ணாம்பைத் தனி டப்பியில்தான் வைத்தார்கள் என்பதும் தெரியாது.

கோபுரம் போல உச்சி கூரிய மூடியோடு இன்னொன்று இருந்தது. பர்மாவில் பிக்குகளுக்கு அன்னம் கொண்டுபோகும் பாத்திரம். எங்கள் வீட்டில் அதற்குள் கேரம் காய்கள் கிடந்தன. வட்ட மரவைகளில் சீப்புச் சீடையும் மணகோலமும். தட்டை மரவையில் பூ. ஒன்றில் ஐயாவின் பழைய ரசீதுகள், இன்னொன்றில் யாருடையது என்று தெரியாத சாவிகள். அடியில் எங்கள் வீட்டு விலாசத்தின் எழுத்துகள் பெயிண்டில் எழுதியிருக்கும், விசேஷ வீட்டுக்கு இரவல் போனால் திரும்பி வருவதற்காக.

பராமரிப்பு என்று பார்த்தால் ஒரே ஒரு சட்டம்: "மரவையைக் கெணத்தடிக்குக் கொண்டு போகாதீக." மற்ற பாத்திரமெல்லாம் கிணற்றடிக்குப் போகும், புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தோலுரிந்து திரும்பும். மரவை உள்ளேயே இருக்கும். ஐயாவின் நைந்த வேட்டியைக் கிழித்து நனைத்து, இறுகப் பிழிந்து ஒரு துடை, காய்ந்த துணியால் இன்னொரு துடை. அவ்வளவுதான். இரண்டாங்கட்டுக்குப் பக்கத்து அறையில் ஜன்னல் கிடையாது. கனத்த சுண்ணாம்புச் சுவர். சித்திரையிலும் உள்ளே போனால் கால் குளிரும். பகான்காரர்கள் பூமியைத் தோண்டிக் கட்டிய இருட்டைச் செட்டிநாட்டு வீடு சும்மாவே வைத்திருந்தது. மரவைக்கு என்று யோசித்து யாரும் கட்டவில்லை, பெண்கள் புழங்குகிற அறைக்கு எதற்கு வெளிச்சம் என்று நினைத்துக் கட்டினார்கள். பெண்களுக்குக் கெடுதல், மரவைக்கு நல்லது.

இதைச் சொல்லி அந்தக் காலத்தைக் கும்பிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பையன்கள் மரவையைக் கவிழ்த்துத் தாளம் போட்டார்கள். மூடிகளை முற்றத்தில் வண்டிச்சக்கரமாக உருட்டினார்கள். பெருச்சாளி விளிம்பைக் கடித்தது. மூங்கிலில் மாவுச்சத்து இருப்பதால் உளுப்பூச்சிக்கு அது விருந்து. ஒருநாள் மரவையைத் தூக்கினால் அடியில் நைசாக மாவு கொட்டியிருக்கும். அப்பத்தா அதைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் கையோடு மாட்டுக்கொட்டிலில் கொண்டுபோய் வைத்துவிடுவார். மற்றவற்றுக்குப் பரவாமல் ஒதுக்கிவைக்கும் அந்தப் புத்தி சரி. ஒதுக்கியதற்கு வைத்தியம் எதுவும் கிடையாது. கொட்டிலுக்குப் போன மரவை திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. இன்று அருங்காட்சியகங்களில் காற்றுப் புகாத உறையில் அடைத்து ஆக்சிஜனை எடுத்துவிட்டு, சில வாரம் வைத்துப் பூச்சியைக் கொல்கிறார்கள். அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால், ஒரு டப்பாவுக்கு இவ்வளவா என்று கேட்டிருப்பார்.

பிறகு ஊரில் வீடுகள் பூட்டிக்கிடந்த காலம் வந்தது. தூண் போனது, கதவு போனது, மரவையும் கூடையோடு போனது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் அவை ஏறி உட்கார்ந்தன. பாதி விலைக்குத் தள்ளியவர்களே பிற்பாடு அங்கே போய் முழுவிலை கொடுத்து வாங்கினார்கள். என் பெரியப்பா மகன் அண்ணன் அங்கே வாங்கிய மரவையின் அடியில் வேறு வீட்டு விலாசம் இருக்கிறது. வருகிறவர்களிடம் அதை ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது என்றுதான் சொல்கிறார். ஒரு ஐயா கொண்டுவந்தார் என்ற அளவில் அது உண்மை.

அண்ணனின் அடுக்குமாடி வீட்டில் மரவைக்குத் தனி கண்ணாடி அலமாரி. மேலிருந்து ஒவ்வொன்றின் தலையிலும் விளக்கு அடிக்கிறது. போதாதற்கு எதிரே மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், மாலை வெயில் நேராக வந்து விழுகிறது. பகலெல்லாம் ஏசி கிடையாது, சென்னைக் காற்றின் பிசுபிசுப்பு. இரவானால் ஏசி, உலர்ந்த குளிர். மூங்கில் பகலில் உப்பி இரவில் சுருங்குகிறது. இறுகிப்போன அரக்கு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மயிரிழையாக வெடிக்கிறது. தண்ணீருக்கும் புளிப்புக்கும் அசையாத இந்த அரக்கு வெளிச்சத்துக்குத் தோற்றுவிடும். சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர் மேற்பரப்பைச் சிதைக்கும். பளபளப்பு மங்கும். அப்படி மங்கிய பரப்பில் வெறும் தண்ணீர் பட்டாலும் கறை நிற்கும். அரிதார மஞ்சளுக்கும் வெளிச்சம் ஆகாது, வெளிறும். மஞ்சள் வெளிறினால் அதைக் கலந்து எழுந்த பச்சை நீலம் பாரிக்கும். சாதிலிங்கம் கறுக்கும். பல வருஷம் இருட்டறையில் சீடை சுமந்தபோது மாறாத நிறம், மரியாதையான இடத்துக்கு வந்த பிறகு மாறியிருக்கிறது.

"ஏண்ணே, ஜன்னலுக்குத் திரை போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"திரை போட்டா எப்படித் தெரியும்?"

அலமாரிக்குள் ஈரம் வரக்கூடாது என்று செருப்புப் பெட்டிகளில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து ஒவ்வொரு மரவைக்குள்ளும் போட்டுவைத்திருக்கிறார். கேமராவுக்குச் சரி. காற்றில் பாதிக்குச் சற்று மேல் ஈரம், அதாவது ஐம்பது அறுபது சதவீதம், மாறாமல் இருந்தால் போதும் என்று பழம்பொருள் காப்பவர்கள் சொல்கிற ஒரு சாமானை அண்ணன் வற்றலாக்கிக்கொண்டிருக்கிறார்.

பளபளப்பு போனதும் அண்ணன் சும்மா இருப்பாரா? மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போட வந்தவரிடம் ஒரு மரவையைக் கொடுத்தார். அவர் நல்ல தொழிலாளி. தேக்குக்குப் போடும் ஸ்பிரிட் பாலிஷை இதற்கும் போட்டார், கண்ணாடியாக மின்னியது. அந்தப் பாலிஷில் இருப்பது நம்மூர் அரக்கு, பூச்சி சுரக்கிற பிசின், ஸ்பிரிட்டில் கரைத்தது. நம் அரக்கும் பர்மா அரக்கும் பெயரில்தான் பங்காளிகள். நம்முடையது ஸ்பிரிட்டில் கரையும், சூட்டில் இளகும், தண்ணீர் தேங்கினால் வெளுக்கும். பர்மாவுடையது இதில் எதையும் செய்யாது. இவற்றுக்கு அசையாத ஒன்றின்மேல் இவை அத்தனைக்கும் அசைகிற ஒன்றைப் பூசியாயிற்று. யாரோ காப்பி டம்ளரை அதன்மேல் வைத்து எடுத்தார்கள், வெள்ளையாக வட்டம் விழுந்தது. அதை எடுக்கக் கண்ணாடி துடைக்கும் நீல மருந்தை அடித்தார்கள், வட்டம் பெரிதாயிற்று. இப்போது அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது.

சித்தி வீட்டில் வேறு வைத்தியம். விருந்தாளி வருகிறார்கள் என்றால் தேங்காய் எண்ணெய். படத்தில் அழகாகத்தான் விழுகிறது. எண்ணெய் உள்ளே போகாது, மேலே நின்று தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். பிசுக்குப் போகச் சோப்புப் போட வேண்டும், சோப்புப் போட்டால் மங்கும், மங்கினால் எண்ணெய் தேய்க்க வேண்டும். மாசாமாசம் சுற்றிவருகிறது.

செட்டிநாட்டு வீடுகள் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. அப்படியொரு விடுதியில் என் சிநேகிதியோடு சாப்பிடப் போனேன். வரவேற்பு மேஜையில் அருமையான வெற்றிலை மரவை. வெற்றிலை இருக்குமோ என்று ஆசையாகத் திறந்தால் உள்ளே அறைச் சாவிகளும் கைகழுவும் ஜெல் பாட்டிலும். சிநேகிதி முகம் சுளித்தாள். எனக்கென்னவோ அலமாரிச் சிறைக்கு இது தேவலை என்றுதான் பட்டது. நிழல், ஆள் நடமாட்டம், நாளுக்கு நாலு தடவை திறந்து மூடல். ஜெல் சிந்தாமல் இருந்தால் சரி, ஆல்கஹால் மங்கிய பரப்புக்கு ஆகாது. ஆனால் வராந்தாவில் இன்னொரு மரவையில் மணிப்ளாண்ட் வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. தண்ணீர் நின்றால் விரிசல் வழியாக மூங்கிலுக்குப் போகும், அப்புறம் மண்ணும் செடியும்தான் மிஞ்சும்.

பகானுக்கு நானும் ஒருமுறை போனேன். 2016 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் அடிபட்ட கோயில்களுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். மியின்கபா கிராமத்தில் பட்டறைகள். குதிரைவாலின் முடியும் மூங்கில் சிம்பும் சேர்த்துப் பின்னிய கிண்ணம் ஒன்றை எடுத்து, எதிரெதிர் விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்வரை அமுக்கிக் காட்டினார் பட்டறைக்காரர். விட்டதும் பழையபடி வட்டமாயிற்று. வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டேன். நான் சென்னையில் கேட்டுவைத்திருந்த சதவீதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நோட்டும் பேனாவும் தயாராக இருந்தது. துணியால் துடை, வெயிலில் வைக்காதே என்றார். வேறு? என் கையில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, வேறென்ன, சாப்பிடு என்றார். புதுச் சாமானில் வாடை வந்தால் கொஞ்ச நாள் அரிசிக்குள் புதைத்துவைக்கச் சொன்னார் பக்கத்திலிருந்த அம்மாள். 1924இலிருந்து அரசு அரக்குப் பள்ளி நடக்கும் ஊரில் எனக்குக் கிடைத்த பராமரிப்புப் பாடம் அப்பத்தாவின் கிணற்றடிச் சட்டத்தைவிட ஒரு வரிதான் நீளம்.

(சாப்பிடு என்றது புதுச் சாமானுக்கு. பழைய மரவையில் சோறு போட வேண்டாம். அரிதாரம் ஆர்சனிக், சாதிலிங்கம் பாதரசம். பூச்சு விரிந்த பாத்திரத்தில் ரசம் ஊற்றிக் குடித்துப் பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை. நாங்கள் சீடை தின்று வளர்ந்தோமே என்றால், வளர்ந்த லட்சணம்தான் வாட்ஸ்அப்பில் தெரிகிறதே.)

நான் போய்வந்ததைச் சொன்னதும் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் குடும்பக் குழுவில் விதிமுறைகள் போட்டான். பருத்திக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடாது, அடுக்கினால் நடுவில் துணி. மூடியைப் பிடித்துத் தூக்கக்கூடாது, அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். எதுவும் போட்டுவைக்கக்கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் தப்புச் சொல்ல முடியாது. தூக்குகிற விதம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மொத்தமாகப் பார்த்தால் ஒரு பெட்டியைப் பெட்டியாக இருக்க விடக்கூடாது என்று வருகிறது. என்னிடம் உள்ளதில் ரத்த அழுத்த மாத்திரையும் கரண்ட் பில்லும் இருக்கின்றன. சமையலறைக்கும் ஜன்னலுக்கும் எட்டாத இடம், தினம் கைபடுகிறது, வெடிப்பில்லை. ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். யாரும் பதில் போடவில்லை. அண்ணன் மட்டும் கும்பிடும் பொம்மை ஒன்று போட்டார்.

உண்மையில் எங்கள் குடும்பத்தில் மரவைக்காக அதிகம் செலவழித்தது சிகாகோவில் இருக்கும் சித்தப்பா மகன்தான். 1990களில், சித்தப்பா எடுத்துக்கொண்ட வெற்றிலை மரவையைத் துணிமணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுபோனான். அந்த மூடி மெதுவாக இறங்குமே, அதே மரவை. அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடுபோட்டால் காற்று உலர்ந்து உதடெல்லாம் வெடிக்கும். உதடு வெடிக்கிற காற்றில் மூங்கில் என்ன ஆகும்? முதல் குளிரிலேயே ஒரு கோடு விழுந்தது. பயந்துபோய் ஈரமானி வாங்கினான். பிறகு அறைக்கு ஈரம் ஊட்டுகிற ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி மரவைக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் மாமியார் அங்கே போய் இருந்த குளிர்காலம் முழுக்க வறட்டு இருமல். அந்த இயந்திரத்தை ராத்திரிக்குத் தன் அறைக்குத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். மரவைக்கு ஈரம் ஏறி இறங்கக்கூடாது அத்தை, ஒரே சீராக இருக்கணும் என்று விளக்கியிருக்கிறான்.

போன மாதம் பேசினான். "ஆச்சி, ஒரு யோசனை. வெயில் காலத்துல இங்க இருக்கட்டும், குளிர் வந்தா காரைக்குடி வீட்டுக்கு அனுப்பிர்றேன். அம்மா அப்பச்சிய அனுப்புற மாதிரி, ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க."

யோசித்துப் பார்த்தேன். இரண்டாங்கட்டு அறை இன்னும் இருக்கிறது, சுவரும் குளிரும் இருக்கின்றன. மரவைக்கு அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் ஐயா அதைக் கொண்டுவந்தது எப்போது என்று கணக்குப் பார்த்தால் நூறு வயதாகிவிட்டது அல்லது ஆகப்போகிறது. 1972ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அவன் எடுத்துப்போனபோது அது எழுபது வயதுப் பழைய டப்பா, எவரும் கேட்கவில்லை. இப்போது உள்ளே வரலாம். வந்தால் திரும்பப் போகாது.

"அப்ப வந்தா வந்ததுதானா?"

"வந்ததுதான்."

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு அவன் பெண்சாதி போனை வாங்கினாள். "ஆச்சி, மரவையை அங்கேயே வச்சுக்கங்க. அந்த மெஷினை அம்மாவுக்குக் குடுத்துடலாம்."